சொந்த வயலில் சுடுவது

ஹோல்ம் எண்ட் பண்ணை
2 மே 1961

எட்கர்,

நீ நலமா என்று கேட்க இதை எழுதவில்லை. உன் அக்காவிடம் விலாசம் வாங்கினேன். அதைக் கொடுப்பதற்குள் அவள் எனக்கு இரண்டு கோப்பை தேநீரும் ஒரு பிரசங்கமும் ஊற்றினாள். துப்பாக்கிப் பெட்டியின் சாவி எங்கே? அதற்கு மட்டும் பதில் எழுது, போதும்.

பட்டாணி முளைத்து விரல் உயரம் வந்துவிட்டது. காட்டுப்புறாக்களும் வந்துவிட்டன. பால் கறந்துவிட்டுப் போய்ப் பார்த்தால் வயல் முழுக்கச் சாம்பல் நிறம். கையைத் தட்டினால் அந்தச் சாம்பலே எழுந்து பறக்கிறது, ஓக் மரத்தில் உட்கார்ந்து நான் எப்போது வீட்டுக்குள் போவேன் என்று பார்க்கிறது. தகரம் தட்டிப் பார்த்தேன். உன் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை மாட்டி ஒரு பொம்மை நட்டேன். மறுநாளே அதன் தோளில் ஒன்று உட்கார்ந்து எச்சமிட்டுக்கொண்டிருந்தது. கோட்டுக்காக வருத்தப்பட்டேன்.

பட்டாணியை டப்பாவில் அடைக்கிற ஆலையிலிருந்து பயிர் பார்க்கிற ஆள் வந்தான். “மிஸஸ் தர்ல்பி, இது எங்களுக்குப் போட்ட வயலா, இல்ல புறாவுக்குப் போட்ட வயலா? இப்படியே போச்சுன்னா ஜூலையில எங்க வண்டி இந்தப் பக்கம் வராது” என்றான். அவன் பின்னாலேயே நிலக்காரரின் ஏஜென்ட் கார்ட்ரைட். அவர் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. “ஆலை எடுக்கலேன்னா, செப்டம்பர் கடைசியில மைக்கேல்மஸுக்குக் குத்தகையப் புதுப்பிக்கச் சொல்லி நான் நிலக்காரர்கிட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போய் நிப்பேன்?” குத்தகை போனால் பண்ணை போயிற்று, மாடுகள் போயிற்று, நான் உன் அக்கா வீட்டுப் பின்னறையில் பிரசங்கம் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

புறா சுடுவதில் இந்த மாவட்டத்திலேயே பெரிய ஆள் என்று பெயர் வாங்கியவனுடைய பண்ணைக்கு இந்தக் கதி. தன் பண்ணையில் புறா சுட மால்ட்பி கூப்பிட்டால் ஓடினாய். அவருடைய மச்சான் கூப்பிட்டாலும் ஓடினாய். பிப்ரவரியில் புறா தின்று நம் முட்டைக்கோஸ் குச்சி குச்சியாக நின்றபோது நீ யாருடைய கோஸையோ காத்துக்கொண்டிருந்தாய். புறாக்களை ஏமாற்றி இறக்க நீ வைக்கிற மரப் பொம்மைப் புறாக்களை வாய்க்காலில் வீசினேன், ஆமாம். கையில் கிடைத்தால் மறுபடியும் வீசுவேன். அதற்காக வீட்டை விட்டுப் போன முதல் ஆள் நீயாகத்தான் இருப்பாய்.

சாவி.

பெரில்


கிரிம்ஸ்பி
5 மே 1961

பெரில்,

கடிதம் கிடைத்தது. சாவி என்னிடம் இல்லை. அங்கேதான் எங்காவது இருக்கும், நீ ஒரு பொருளை எடுத்த இடத்தில் என்றைக்கு வைத்திருக்கிறாய்.

இருந்தாலும் உனக்கு எதற்குச் சாவி? அது இரட்டைக்குழல். உன் தோளுக்கு ஆகாது, சுட்ட வேகத்தில் நீதான் வாய்க்காலில் விழுவாய். என் பொம்மைகளுக்குத் துணையாக இருக்கும். ஒவ்வொன்றையும் நான் உட்கார்ந்து செதுக்கி, கழுத்தில் அந்த வெள்ளைப் பட்டையை ஒற்றை மயிர்த் தூரிகையால் தீட்டினேன் என்பது உனக்குத் தெரியும். தெரிந்துதான் வீசினாய்.

சிட்னி ப்ளேட்ஸை மட்டும் கூப்பிடாதே. பக்கத்துப் பண்ணைக்காரன் என்று இரக்கப்பட்டு விட்டால், அவன் சுடுகிற லட்சணத்துக்கு நம் தொழுவக் கூரைதான் சாகும்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. விடியும் முன்னே படகிலிருந்து மீன் பெட்டி இறக்குகிற வேலை, மத்தியானம் முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் பொழுது போகவில்லை. கால் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. வீட்டுக்காரி மிஸஸ் ஊட்டன், “என்னப்பா, பூட்ஸுக்குள்ள ஆணி கீணி இருக்கா? மாடிப்படி தேஞ்சு போயிரும் போலிருக்கே” என்கிறாள். எழுந்து எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை, கடற்காக்கைதான்.

துப்பாக்கிக்குப் பிப்ரவரியில் எண்ணெய் போட்டதோடு சரி. ஈரம் ஏறியிருக்கும். யாராவது பார்த்தால் நல்லது.

எட்கர்


ஹோல்ம் எண்ட்
9 மே

எட்கர்,

கோடாலிக்குச் சாவி தேவையில்லை. மூன்றே போடில் பெட்டி திறந்துகொண்டது.

துப்பாக்கியைத் துடைத்தேன், எண்ணெய் போட்டேன், வயலின் நட்டநடுவில் போய் நின்றேன். ஒரு புறாவும் வரவில்லை. தேநீர் குடிக்க உள்ளே போனேன், எல்லாம் வந்தது. கோப்பையைப் போட்டுவிட்டு ஓடினேன், எல்லாம் போயிற்று. மூன்று நாளாக நாங்கள் இப்படித்தான் விளையாடிக்கொண்டிருக்கிறோம். ஒரே ஒரு தடவை தலைக்கு மேலே வந்த கூட்டத்தைப் பார்த்து இரண்டு குழலையும் சேர்த்து இழுத்துவிட்டேன். நான் வாய்க்காலில் விழவில்லை. ஆனால் தோள்பட்டை கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது, இடது கையால்தான் பால் கறக்கிறேன்.

சிட்னி வேலியில் சாய்ந்து நின்று வயிறு குலுங்கச் சிரித்தான். “பெரில், அதுங்க துப்பாக்கியப் பாத்துப் பயப்படல. ஒன் சிவப்புத் தொப்பியப் பாத்துத்தான் ஓடுது. தொப்பிய மட்டும் நட்டு வச்சிட்டு நீ போய்ப் படு!”

எட்கர், நீ வர வேண்டாம். உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன், இதைக் கேட்க எனக்கு எவ்வளவு கசக்கிறது என்பதையும் சேர்த்து வாசித்துக்கொள். எங்கே உட்கார வேண்டும்?

பெரில்


கிரிம்ஸ்பி
13 மே

பெரில்,

அது என் அப்பாவின் பெட்டி. கோடாலியால்! எழுத ஆத்திரம் வருகிறது. இதோ சாவி, என் சட்டைப்பைக் கடிகாரச் சங்கிலியிலேயே இருந்தது. இனி அதை வைத்து நான் என்ன செய்ய.

நடு வயலில் நிற்பது யார் சொல்லிக் கொடுத்தது? முதலில் துப்பாக்கியை வீட்டிலேயே வை. ஒரு காலை முழுக்கச் சும்மா உட்கார்ந்து பார். புறா இஷ்டத்துக்குப் பறப்பதில்லை, அதற்கு ஒரு வழி இருக்கிறது. காட்டிலிருந்து கிளம்பி வேலி தாழ்ந்திருக்கிற இடத்தைத் தாண்டி, ஓக் மரத்தில் ஒரு நிமிஷம் இருந்து, பிறகுதான் இறங்கும். நீ அதன் சாப்பாட்டுக்கு நடுவில் உட்காராதே, வழிக்குக் கீழே உட்கார். வாய்க்கால் கரையில், அந்தச் சரிந்த மரத்துக்குப் பக்கத்தில். காற்று உன் முதுகுப் பக்கமிருந்து வீச வேண்டும். பழைய மீன் வலை ஒன்று அனுப்புகிறேன். அதைக் குச்சியில் கட்டி, அங்கேயே கிடக்கிற காய்ந்த புல்லையும் கிளையையும் சொருகு. பச்சையாக வெட்டி வைக்காதே. நேற்று இல்லாத ஒன்று இன்றைக்கு இருந்தால் அது கண்டுபிடித்துவிடும், உன்னைவிட அதற்குக் கண் அதிகம்.

அப்புறம் பொம்மை. மரம் மிதக்கும் என்பதை நீ வீசும்போது யோசித்திருக்க மாட்டாய். மதகுப் பக்கம் போய்ப் பார். எல்லாவற்றுக்கும் மூக்கு காற்றைப் பார்த்து இருக்கட்டும், ஆனால் பட்டாளம் போல வரிசையாக வைக்காதே. குதிரை லாடம் மாதிரி வளைத்து வைத்து நடுவில் காலி இடம் விடு. வருகிறவன் அங்கேதான் இறங்கப் பார்ப்பான். இறங்க வந்து, இறக்கையை விரித்து, ஒரு கணம் காற்றில் தொங்குவான். அப்போதுதான். அதற்கு முன்னே அல்ல. கீழே விழுந்ததையும் எடுத்து வந்து, தாடைக்கு ஒரு கவட்டைக் குச்சி கொடுத்து மேய்கிற மாதிரி நிறுத்து.

முகத்தை மறை. உன் முகம் நிலா மாதிரித் தெரியும் தூரத்துக்கு. இது பாராட்டு இல்லை, எச்சரிக்கை.

சிவப்புத் தொப்பியா? ஐயோ, பெரில்.

நேற்று மத்தியானச் சாப்பாட்டு வேளையில் மீன் மேடையில் நின்றுகொண்டு வானத்தில் வழி தேடினேன். கூட இருந்தவன், “என்னய்யா, மழையா?” என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

எ.


ஹோல்ம் எண்ட்
28 மே

எட்கர்,

மதகில் நான்கு சிக்கியிருந்தன. ஒன்றுக்குத் தலை இல்லை, அதைப் பின்வரிசையில் வைத்தேன்.

விழுந்தது! ஒன்றல்ல, முதல் நாளே ஐந்து. முதலாவது விழுந்தபோது நான் எழுந்து நின்று கத்திவிட்டேன், அதனால் அடுத்த கூட்டம் திரும்பிப் போயிற்று. கசாப்புக் கடைக்காரர் வண்டியில் வந்து எடுத்துப் போகிறார். இரண்டை மாவுக்குள் பொதிந்து இறைச்சிப் ‘பை’ சுட்டேன். சிட்னி ஒரு துண்டு தின்றுவிட்டுப் பற்களுக்கு நடுவிலிருந்து ஈயக் குண்டைத் துப்பி, “நல்லாத்தான் சுட்டிருக்க, அடுப்பிலயும் சரி, வயல்லயும் சரி” என்றான். பட்டாணி தழைத்துவிட்டது. ஓரத்தில்தான் சொட்டை.

இப்போது உன்னோடு சண்டை போட எனக்குப் புதிதாக ஒன்று கிடைத்திருக்கிறது. அந்த வலைக்குள் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று நீ ஏன் என்னிடம் சொன்னதே இல்லை? கார்ட்ரைட் இல்லை, மாடு இல்லை, கணக்கு இல்லை, உன் அக்கா இல்லை. கண்ணும் காதும் மட்டும் இருக்கிறது. நேற்று ‘இன்னும் ஒரு கூட்டம்’, ‘இன்னும் ஒரு கூட்டம்’ என்று இருந்து வீட்டுக்கு வந்தால் அடுப்பில் வைத்த இறைச்சி கரியாகி, சட்டியே போய்விட்டது. கறக்காத மாடு என்னைப் பார்த்த பார்வையை நான் வேறு எங்கோ பார்த்திருக்கிறேன். யோசித்தால், உனக்கு நான் கதவு திறந்துவிடும்போது என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

இரவில் படுத்தால் கண்ணுக்குள் பறக்கிறது. காற்று மாறினால் எழுந்து உட்காருகிறேன். உன் வியாதி எனக்கு ஒட்டிக்கொண்டது.

மால்ட்பி ஆள் அனுப்பியிருக்கிறார். அவருடைய பட்டாணியிலும் புறா இறங்குகிறதாம். ‘மிஸஸ் தர்ல்பி ஒரு நாள் வந்து போனால் நன்றாயிருக்கும்’ என்று. என்னை! நான் என்ன சொல்லட்டும்?

பெரில்


கிரிம்ஸ்பி
1 ஜூன்

பெரில்,

போகாதே.

காரணம் கேட்காதே, கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவர்கள் நன்றாகத்தான் கூப்பிடுவார்கள். அங்கே போனால் சமையலறை மேஜையில் உட்காரவைத்துப் பன்றித் தொடையும் பீரும் கொடுப்பார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நாலு பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நீ வீட்டுக்கு வரும்போது ஒரு அடி உயரமாக வருவாய். இதெல்லாம் எனக்குத் தெரியும். போகாதே.

உன்மேல் பொறாமை என்று நீ சொல்வாய். இருக்கட்டும், அதுவும்தான். சிட்னி உன் பையைத் தின்றான் என்று வாசித்துவிட்டு நான் படகுத்துறையின் கடைசி வரை நடந்து திரும்பி வந்தேன்.

மிஸஸ் ஊட்டன் வீட்டை விட்டு வேறு அறைக்கு மாறினேன். அது ரயில் பாதையைப் பார்த்தது, தூங்க முடியவில்லை. மறுபடி இங்கேயே வந்துவிட்டேன். “ஒனக்கு அறை மாத்தி என்ன புண்ணியம், ஆள மாத்தணும்” என்கிறாள் அவள். எங்கே போனாலும் வேறு எங்கோ இருக்க வேண்டும் போல இருக்கிறது.

நம் வயலில் இரு.

எட்கர்


ஹோல்ம் எண்ட்
20 ஜூன்

எட்கர்,

போனேன்.

நீ போகாதே என்று எழுதாமல் இருந்திருந்தால் ஒருவேளை போயிருக்க மாட்டேன். பன்றித் தொடையும் வந்தது, பீரும் வந்தது, வேலியோரத்தில் நாலு பேருக்குப் பதில் ஏழு பேர். என்னால் அன்றைக்குத் தவறவே முடியவில்லை. எப்படிச் சுட்டாலும் விழுந்தது. மால்ட்பி எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: “எட்கர் போனா என்ன இப்ப? அவன் வீட்டுக்குள்ளயே இன்னொரு எட்கர் இருந்திருக்கு பாரு, இவ்வளவு நாளா நமக்குத் தெரியல!” மறுநாளும் வா என்றார். போனேன். அதற்கு மறுநாளும் போனேன். சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாம் நாள் வந்து பார்த்தால் நம் வயலின் மேற்கு ஓரம் முழுக்கத் தரையோடு தரையாகக் கிடக்கிறது. காய் பிடிக்கிற நேரம், எட்கர். பிஞ்சைக் கிழித்து உள்ளே இருக்கிற மணியை எடுத்துவிட்டுத் தோலை அப்படியே விட்டிருக்கின்றன. நான் மால்ட்பி வயலிலிருந்து விரட்டிய புறாக்கள் வேறு எங்கே போகும்? துப்பாக்கி இல்லாத வயலுக்குப் போகும். இந்த ஊரில் அன்றைக்குத் துப்பாக்கி இல்லாத வயல் துப்பாக்கிக்காரியின் வயல்தான். வரப்பில் உட்கார்ந்து அழுதேன், உனக்கு ஒளிக்க என்ன இருக்கிறது.

அப்படியானால் பிப்ரவரியில் நம் கோஸ் போனது நீ வீட்டில் இல்லாததால் மட்டும் இல்லை. அங்கே நீ நன்றாகச் சுட்டதால் போயிற்று. அது உனக்குத் தெரியும். என்னைப் போல மூன்று நாளில் தெரிந்துகொள்ளாமலா இருந்திருப்பாய்? தெரிந்துமா போனாய் என்று உன்னைக் கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது.

மறுநாள் விடியும் முன்னே நம் வாய்க்கால் கரையில் உட்கார்ந்தேன். காற்று சரி, பொம்மை சரி, புறாவும் வந்தது, காற்றில் தொங்கவும் தொங்கியது. தவறவிட்டேன். அடுத்ததும் தவறியது. ஒவ்வொரு புறாவுக்கும் கார்ட்ரைட்டின் முகம் இருந்தது. ஒவ்வொரு தோட்டாவிலும் இந்தப் பண்ணையே கட்டித் தொங்கியது. கை நடுங்கி நடுங்கி, கடைசியில் துப்பாக்கியைப் புல்லில் வைத்துவிட்டேன். மால்ட்பி வயலில் தவறினால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். இங்கே தவறினால் வீடு போகும்.

நம் வயலில் நீ உட்கார்ந்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம். வெறுங்கையோடு திரும்பி வந்து காற்று சரியில்லை என்பாய். நானும் இவனுக்கு வீட்டு வேலை என்றால் காற்றுகூட ஆகாது என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

எட்கர், உனக்கும் இங்கே கை நடுங்குமா?

ஆலை ஆள் ஜூலை பத்தாம் தேதி, திங்கட்கிழமை, கடைசியாகப் பார்க்க வருகிறான். அதற்கு முந்தின சனிக்கிழமைதான் பெரிய நாள். ஒருவர் போதாது. காட்டில் ஒருவர் நின்று கூட்டத்தை உட்காரவிடாமல் கலைக்க வேண்டும், வயலில் ஒருவர் வேண்டும். சிட்னியிடம் சொல்லியிருக்கிறேன், அவனுக்குப் பல்வலி. உன்னை வா என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதி, நீ வராமல் இருந்துவிட்டால் என்ன செய்வேன் என்று பயமாக இருக்கிறது.

பெரில்


கிரிம்ஸ்பி
25 ஜூன்

பெரில்,

இப்போது படகுகள் அதிகம், லீவு கிடைக்காது.

காற்றைப் பற்றி எழுதியிருந்தாய். சில நாள் காற்று உண்மையிலேயே சரியில்லை.

நீ கேட்டதற்கு என்ன எழுத என்று நாலு தடவை உட்கார்ந்தேன். தாள்தான் வீணாகிறது.

அந்தச் சனிக்கிழமை நீ எந்தப் பக்கம் உட்காருவாய், வாய்க்கால் பக்கமா? சும்மா கேட்டேன்.

எட்கர்


ஹோல்ம் எண்ட்
28 ஜூன்

வாய்க்கால் பக்கம். ஏன்?

பெ.


ஹோல்ம் எண்ட்
13 ஜூலை

எட்கர்,

பட்டாணியை எடுத்துக்கொண்டார்கள். மேற்கு ஓரத்தைக் கழித்துவிட்டு மீதி அத்தனையும். ஆலை ஆள் ஒரு காயை உரித்து வாயில் போட்டு மென்றுகொண்டே தலையை ஆட்டினான், எனக்கு அவனைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. கார்ட்ரைட் இந்தத் தடவை தொப்பியைக் கழற்றினார். “மைக்கேல்மஸுக்கு ஒரு வருஷம் போட்டுத் தர்றோம். குளிர்காலத்துல மாட்டுக்குத் தீவனம் எப்படி நிக்குதுன்னு பாத்துட்டு மேக்கொண்டு பேசலாம்” என்றார். ஒரு வருஷம். அதுவே எனக்கு மூச்சு வந்த மாதிரி.

இப்போது சனிக்கிழமைக் கதையைக் கேள். நான் வலைக்குள் உட்கார்ந்து, முதல் கூட்டம் வந்து, எல்லாவற்றையும் தவறவிட்டு, அழுகை முட்டிக்கொண்டு இருந்த நேரத்தில் காட்டுக்குள் ஒரு வெடி. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பல்வலியோடு சிட்னி வந்துவிட்டான் என்று நினைத்தேன். அன்றைக்கு முழுக்க அந்தப் பக்கம் சத்தம் நிற்கவில்லை. புறாக்கள் மேகமாக வராமல் இரண்டு மூன்றாகப் பிரிந்து வந்தன. என்ன மாயமோ, இன்னொருவரும் இதே வேலையில் இருக்கிறார் என்று தெரிந்ததும் என் கை நின்றுவிட்டது. தவறவும் தவறியது, விழவும் விழுந்தது. சாயங்காலம் வயலில் ஒரு புறாகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பை சுட்டு சிட்னிக்கு எடுத்துப் போனேன். கன்னம் பூசணி மாதிரி வீங்கி உட்கார்ந்திருந்தான். “நானா? நான் நேத்து லவுத் டவுன்ல பல்லப் புடுங்கிட்டு வாயில பஞ்சோட கெடந்தேன். காட்டுக்கு எவன் போனான்?” பையை வேறு தின்ன முடியவில்லை அவனால். பிறகு அவன் நாயோடு காட்டைச் சுற்றி வந்தான். காலித் தோட்டாக்கள் ஒரு குவியல் கிடந்ததாம். விழுந்த புறா ஒன்றுகூட இல்லை, ஒரு இறகுதான். அவ்வளவு வெடித்து ஒன்றும் விழாமல் சுடுகிறவன் இந்த மாவட்டத்தில் யார் என்று சிட்னி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான். நான் யோசிக்கவில்லை.

பின்கதவில் செய்தித்தாளில் சுற்றி மீன் தொங்கியது. பாதியைப் பூனை தின்றுவிட்டது. மீதியை வெண்ணெயில் வாட்டி நான் தின்றேன்.

பின்கதவு வரைக்கும் வந்தவன் ஏன் தட்டவில்லை?

பெரில்


கிரிம்ஸ்பி
17 ஜூலை

பெரில்,

அது பூனைக்கு வாங்கிய மீன் இல்லை.

துப்பாக்கி இங்கே ஒருவனிடம் இரவல் வாங்கியது, இடது குழல் சரியில்லை. வலது குழலும் அவ்வளவு சரியில்லை. ஒரு நாள் லீவுக்கு மேஸ்திரியிடம் பாட்டி செத்துவிட்டாள் என்று சொன்னேன், அவள் செத்துப் பதினாறு வருஷம்.

தட்டத்தான் வந்தேன். நீ உள்ளே பாடிக்கொண்டிருந்தாய். சட்டி தேய்க்கிற சத்தமும் பாட்டும். நீ பாடி நான் கேட்டு ரொம்ப நாள் ஆயிற்று. நான் தட்டினால் பாட்டு நின்றுவிடும், நீ துணியில் கையைத் துடைத்துக்கொண்டு அந்த முகத்தோடு கதவைத் திறப்பாய் என்று தோன்றியது. மீனை மாட்டிவிட்டு ரயிலுக்கு ஓடினேன்.

மீன் நன்றாக இருந்ததா?

எட்கர்


கிரிம்ஸ்பி
27 ஆகஸ்ட்

பெரில்,

நீ பதில் போடவில்லை. அறுவடை வேலை என்று அக்கா எழுதியிருந்தாள். பார்லி அறுத்துக் கட்டியாகிவிட்டதாமே. அரிதாளில் புறாக் கூட்டம் இறங்குகிறதாம், ரோடு வரை தெரிகிறதாம்.

சனிக்கிழமை வரட்டுமா? அரிதாளில் சுடுவதற்கு என்னைவிட ஆள் இல்லை, அது உனக்கே தெரியும். சிந்தின மணிதானே, தின்றால் யாருக்கும் நஷ்டமில்லை. தவறினாலும் ஒன்றும் குடி முழுகாது. அங்கே என் கை நிற்கும், பெரில். நம் நிலத்தில் ஒரு தடவையாவது நான் ஒழுங்காகச் சுடுவதை நீ பார்க்க வேண்டும் என்று ஆசை. கண் மூடினால் அந்த அரிதாள்தான் தெரிகிறது. வேலை ஓடவில்லை, நேற்று ஒரு பெட்டி மீனைக் கடலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ரயிலுக்குக் கிளம்பிவிடுவேன். உனக்குத் தொந்தரவாக இருக்க மாட்டேன்.

எட்கர்


ஹோல்ம் எண்ட்
31 ஆகஸ்ட்

எட்கர்,

சனிக்கிழமை வராதே.

சனிக்கிழமை அரிதாளுக்கு டாக்டர் வருகிறார், கசாப்புக்காரர் வருகிறார், கார்ட்ரைட்டின் மச்சினன் புதுத் துப்பாக்கியோடு வருகிறான். ஆளுக்கொரு மூலையில் உட்காரட்டும், ரொட்டி தின்னட்டும், சுடட்டும். நஷ்டமில்லாத இடத்துக்கு எல்லாரும்தான் வருவார்கள். அவர்களோடு சேர்த்து உன்னையும் ஒரு நாள் விருந்தாளியாக உட்காரவைத்து, ஞாயிற்றுக்கிழமை ரயிலேற்ற எனக்கு மனசில்லை.

உனக்கு அக்கா எழுதாத ஒன்றை நான் எழுதுகிறேன். ஏப்ரலில் பார்லிக்குக் கீழேயே மாட்டுத் தீவனத்துக்குக் குளோவர் புல் விதைத்திருந்தேன். இன்று காலை அரிதாளுக்குள் மண்டியிட்டு விலக்கிப் பார்த்தேன். மூன்று மூன்று இலையாக வயல் பூராவும் வந்திருக்கிறது. மேலே பார்த்தால் வெறும் தாள், கீழே மாட்டின் குளிர்காலச் சாப்பாடு. கார்ட்ரைட் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று சொன்னது இதைத்தான். ஜனவரியில் பனி விழுந்து ஊரே வெள்ளையாகக் கிடக்கும்போது சுற்று வட்டாரத்தில் பச்சையாக இருக்கப் போவது இது ஒன்றுதான். அத்தனை காட்டிலும் உள்ள அத்தனை புறாவும் இங்கே வரும். மால்ட்பியும் உன்னைக் கூப்பிட ஆள் அனுப்புவார், அவருக்கும் ஏதாவது இருக்கும்.

அன்றைக்கு நீ இங்கே இருக்க வேண்டும். தூரத்துக் காட்டுக்குள் ஒளிந்துகொண்டு இல்லை, என் கண்ணுக்குத் தெரிகிற வேலியோரத்தில். வாய்க்கால் பக்கம் என்னுடையது, அதைக் கேட்காதே. நீ தவறவிடுவாய், எனக்குத் தெரியும். நானும் தவறவிடுவேன். நடுங்குகிற கையை நான் பார்த்துவிட்டால் என்ன ஆகிவிடும் என்று இத்தனை வருஷம் ஓடினாய்? உன்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் உனக்கு இந்தப் பண்ணை ஒரு பொருட்டே இல்லை என்று நினைத்ததால் வந்தது. பொருட்டாக இருந்ததால்தான் நீ இங்கே சுட முடியவில்லை என்று தெரிந்திருந்தால் ஒரு பொம்மையைக்கூட வீசியிருக்க மாட்டேன். ஒன்றிரண்டு வீசியிருப்பேன்.

திங்கட்கிழமை வா. துணிமணியோடு வா. மேஸ்திரியிடம் இந்தத் தடவை யாரையும் சாகடிக்காமல் உண்மையைச் சொல். பின்கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு உள்ளே வா, நான் பாடிக்கொண்டிருந்தால் பாடிக்கொண்டுதான் இருப்பேன்.

மால்ட்பிக்குக் குறி தப்பாத எட்கர் வேண்டும். எனக்குத் தப்புகிறவனே போதும், ஆனால் அவன் இங்கே இருக்க வேண்டும்.

பெரில்